கேரட் வண்டி கிளம்ப மறுக்கும்போது!

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கிறது கேத்தி பள்ளத்தாக்கு. மலை ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே ரசிக்கும் அந்தப் பச்சைப் படிக்கட்டுகள் எல்லாம் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தோட்டங்கள்தான். ஆனால், சுற்றுலாப் பயணிகள் பார்க்காத கேத்தி ஒன்று உண்டு. அது விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் கேத்தி.

இருட்டோடு இருட்டாகப் பிடுங்கிய கேரட், கழுவும் மெஷினுக்குப் போய், மூட்டையாகி, பிக்கப் வண்டியில் ஏறும். நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. மூன்று மாத உழைப்பு அந்த ஒரு பயணத்தை நம்பி இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் இங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்துப் பதினைந்து வயதான டீசல் பிக்கப்களுக்கு அதுதான் சோதனைக் காலம். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். என்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றும் மெலிது. சாவியைத் திருப்பினால் வண்டி வாயே திறக்காது.

புது டிரைவர் திரும்பத் திரும்ப சாவியைத் திருகுவார். “பத்து செகண்டுக்கு மேல அடிக்காத தம்பி, இருக்கிற சார்ஜும் போயிடும். முதல்ல காது கொடுத்துக் கேளு” என்பார்கள் அனுபவசாலிகள். மலைப்பாதை மெக்கானிக்குகளின் முதல் கருவியே காதுதான்.

‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் மங்கிப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றிச் சுரண்டி, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும். வெளிச்சம் குறையாமல் நின்றால், செல்ஃப் மோட்டாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? இப்போது கண்ணுக்கு வேலை. சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. ஹீட்டர் பிளக் சூடாகவில்லை என்று சந்தேகப்படலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினால் போதும்.

இதையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், ‘இறக்கம்தானே, உருட்டி ஸ்டார்ட் பண்ணிடலாம்’ என்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு பூஸ்டர் பலம் கிடைக்கும். அது ஓடாதபோது ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் வண்டியென்றால் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். முதுகில் மூட்டைகளோடு மலைச்சரிவில் அப்படி உருளும் வண்டியை நிறுத்துவது யார்? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பானெட்டைத் திறக்கும் முன்பே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வைத்துவிடுகிறார்கள்.

குன்னூர் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மேட்டுப்பாளையம். உயரம் சுமார் 325 மீட்டர்தான். அங்கே வெயிலில் அதே வண்டி ஒரே சாவியில் கிளம்பும். அதைப் பார்த்து, ‘சரியாகிவிட்டது’ என்று நம்பிவிடக் கூடாது. சரக்கை இறக்கிய கையோடு பேட்டரியைச் சோதித்துவிட்டு மலை ஏறுபவரின் கேரட்தான் மறுநாளும் நேரத்துக்கு மண்டி சேரும்.