ஃபெலோஷிப் முடிந்த பிறகு

2023 மே 31
பிஎச்டி ஆய்வு மாணவி ஒருவரின் ஃபெலோஷிப்பின் ஐந்தாண்டு இன்றோடு முடிகிறது. தீசிஸில் அத்தியாயங்கள் பாக்கி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆய்வகத்தைப் பூட்டியபோது போன மாதங்களை அவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

ஜூன் 9
சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் குழாயை எடுத்து நீல வெளிச்சத்தில் காட்டினார். ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் அவர் தயாரிக்கும் புரதத்தின் நுனியில், ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர் புரதம் ஒட்டியிருக்கிறது. தன் புரதம் சரியாக மடிந்தால் மேலே நிற்கும் திரவம் பச்சையாக மினுங்கும். மடியாவிட்டால் அடியில் சுண்ணாம்பு போல ஒரு கட்டி. இன்றும் கட்டிதான். வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 18 வரை இறக்கிப் பார்த்தாயிற்று.

“நெகட்டிவ் ரிசல்ட்டை எந்த ஜர்னல்ம்மா போடும்?” என்றார் கைடு. கோபமில்லாமல்தான் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வழியில் இந்தப் புரதம் மடியாது என்பது மாணவிக்குத் தெரியும். நாளைக்கு வேறொரு ஊரில் இதையே தொடங்கப்போகிறவருக்குத் தெரிய வழியில்லை.

ஜூன் 12
தூக்கமில்லை.

ஜூன் 28
விடுதி மாடியில் ஒரே கூச்சல். மாத ஃபெலோஷிப் தொகை உயர்ந்திருக்கிறது. இளநிலைக்கு (ஜேஆர்எஃப்) 31,000 ரூபாயிலிருந்து 37,000. முதுநிலைக்கு (எஸ்ஆர்எஃப்) 35,000-லிருந்து 42,000. 2019-க்குப் பிறகு இப்போதுதான் உயர்வு. ஜனவரி 1 முதல் அமல் என்பதால் மே வரை மாதம் 7,000 வீதம் அவருக்கும் 35,000 அரியர் வர வேண்டும். அப்பாவிடம் போனில் சொன்னார். “எங்களுக்கு அனுப்ப வேண்டாம், நீயே வச்சுக்கம்மா.” அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை.

ஜூலை 19
டக்ளஸ் பிராஷரைப் பற்றிப் படித்தார். அந்தப் பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டவர். ஆய்வுக்குப் பணம் தீர்ந்தது. கையிலிருந்த மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவிட்டுத் தன் ஆய்வை நிறுத்தினார். 2008-இல் அவர்கள் இருவருக்கும் ஒசாமு ஷிமோமுராவுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. பிராஷர் அப்போது அலபாமாவில், கார் விற்கும் நிறுவனத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றவர்கள் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்ததும் நடந்ததுதான்.

தினமும் இந்த மாணவி குழாயில் விடுவது அந்த மனிதர் பிரித்தெடுத்த மரபணுவைத்தான். எந்த வகுப்பிலும் இந்தப் பெயரை அவர் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 3
அரியர் வரவில்லை. மெஸ் பில் வந்துவிட்டது.

செப்டம்பர் 14
ப்ராஜெக்டுக்கு வந்திருக்கும் எம்எஸ்சி பெண் கேட்டாள்: “அக்கா, நானும் பிஎச்டி சேரலாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் ஜெல் சாயம் வெளுக்கத் தொடங்கியது. நீலப் பின்னணி மங்க மங்க, மார்க்கர் பட்டைகளுக்குப் பக்கத்தில் அவள் புரதம் தனிக்கோடாகத் தெரிந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

அக்டோபர் 2
எம்ஆர்என்ஏ ஆய்வாளர் கட்டலின் கரிக்கோவுக்கு மருத்துவ நோபல். 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர்! ஸ்காலர்கள் வாட்ஸ்அப் குழு முழுக்க ‘விடாமுயற்சி’ வாழ்த்துகள். அவற்றைப் படித்தபோது அவருக்கும் கண் கலங்கியது. கூடவே ஆத்திரமும் வந்தது. பிராஷரிடம் முயற்சிக்கா பஞ்சம்? மானியத்துக்குத்தான் பஞ்சம்.

இரவு கைடுக்கு மெயில் எழுதினார்: கட்டியாகப் போன சோதனைகள் அனைத்தையும், வெப்பநிலை வாரியாக, தீசிஸின் பின்னிணைப்பில் சேர்க்க அனுமதி வேண்டும். பதில் வரவில்லை. வியாழக்கிழமை ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் நேர்காணல் இருக்கிறது.