ஒப்பற்ற தலைவன்

பெருங்காப்பியம் ஒப்பற்ற தலைவன் ஒருவனைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். காப்பியத்தில் மட்டுமா? வாழ்விலும் அத்தகைய ஒருவரைத் தேடி அலைவது தமிழர்தம் இயல்பு. அரசியல் மேடையில் தேடினோம், வெண்திரையில் தேடினோம். அங்கெல்லாம் ஏமாந்தபோது, ‘திருச்சபையில் நமக்கென ஒருவர் இருக்கிறார்’ என்று மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வாழும் நாங்கள் ஆறுதல் கொண்டோம்.

அவர் ரவி சகரியாஸ். 1946இல் சென்னையில் பிறந்து, இதே தில்லியில் வளர்ந்தவர். இளமையில் வாழ்வை வெறுத்து, மருத்துவமனைப் படுக்கையில் விவிலிய வாசகம் கேட்டு மனந்திரும்பியதாகத் தம் கதையைச் சொன்னவர். 1984இல் தம் பெயரால் ஊழிய நிறுவனம் அமைத்து, உலகெங்கும் உரையாற்றியவர். பகலெல்லாம் கோப்புகளோடு போராடி வீடு திரும்பும் எங்களுக்கு அவருடைய உரைகளே மாலைத் துணை. ‘இவரைப் போல் வாழ வேண்டும்’ என்று எங்கள் மகளிடம் கூறாத நாளில்லை.

2020 மே மாதம் அவர் மறைந்தார். சில மாதங்களில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. மகள் அதுபற்றிக் கேட்டபோது, ‘மாண்டவர்மீது வீண்பழி’ என்று அவள் வாயை அடைத்தோம். 2021 பிப்ரவரியில், அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்குரைஞர்களின் அறிக்கை வெளிவந்தது. அவர் பல பெண்களிடம் பாலியல் முறைகேடாக நடந்தது உண்மையென அது உறுதிசெய்தது. முன்னரே முறையிட்ட பெண்ணொருவரை நம்பாமற்போனதற்காக நிறுவனம் மன்னிப்பும் கோரியது.

அன்றிரவு மகள் கேட்டது ஒன்றே: “அப்பா, அந்தப் பெண்கள் சொன்னதை நாமும் ஏன் நம்பவில்லை?”

எங்களிடம் விடை இல்லை. பிறகு எண்ணிப் பார்க்கையில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் நினைவுக்கு வந்தது. ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894இல் வெளிவந்த காப்பியம் அது. அதில் வரும் பயணி அஞ்சுகிறான், தடுமாறுகிறான், வழி கேட்டு நடக்கிறான். அவன் நம்பிச் செல்லும் தலைவர் வேறு. நாங்களோ உடன்செல்லும் பயணி ஒருவரைத் தலைவராக்கி வணங்கினோம். வணங்கியதால் காது செவிடாயிற்று.

‘பயணி இடறினார், போகட்டும்’ என்று இதை மூடிவிடவும் இயலாது. அவர் பிறரையன்றோ வீழ்த்தினார்! சிறியவருக்கு இடறல் உண்டாக்குபவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது அவனுக்கு நலம் என்று இயேசு கூறியதாக மத்தேயு எழுதுகிறார். தம் பெயரைச் சொல்லிப் புகழ் ஈட்டியவரையும் அவர் சொல் விட்டுவைக்கவில்லை. தாமோ, பிடிபடவிருந்த இரவில் சீடரின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கவிருந்தவனும் அவர்களிடையே இருந்தான். அதிகாரம் கைக்கு வந்தபோது குனிந்தவர் அவர். அவரிடம் எங்கள் நம்பிக்கை குன்றாததற்குக் காரணம் இதுவே.

மறுநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவளுக்கு இன்னும் முழுச் சமாதானம் உண்டாகவில்லை, வற்புறுத்தவும் மாட்டோம். அன்று முதல் எங்கள் குடும்ப செபத்தில் போதகர்களின் பெயர்களுக்கு முன்பாக, சொல்லியும் நம்பப்படாதவர்களை நினைக்கிறோம். அந்த வரியை நாள்தோறும் சொல்பவள் அவளே.