இடித்த கணக்கு

திருப்பதி ரயில் நிலையத்தை விட்டு கோவிந்தராஜர் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி நடந்தால், சந்துக்குள் ஒரு பழைய லாட்ஜ் பச்சை வலை போர்த்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே சம்மட்டிச் சத்தம். இரண்டு மாடி இருந்த இடத்தில் ஐந்து மாடி வரப்போகிறது. பக்தர் கூட்டம் குறைவதில்லை. அறைப் பஞ்சமும் தீர்வதில்லை.

வாசலில் கதவு, ஜன்னல் சட்டம், முறுக்கிய கம்பி எல்லாம் தனித்தனியாக அடுக்கியிருக்கிறார்கள். இடிப்பு வேலை எடுப்பவர் பல நேரங்களில் கூலி கேட்பதில்லை. உரிமையாளருக்கு அவரே பணம் கொடுத்துவிட்டு இடிக்கிறார். தேக்கு நிலைக்கும் கம்பிக்கும் முழுச் செங்கல்லுக்கும் விலை உண்டு. அதனால் கணக்கும் உண்டு. விலைபோகாத காரை, கான்கிரீட் உடைசல், டைல்ஸ் துண்டு இவற்றுக்கு இரண்டும் கிடையாது. அவை பொழுது சாய்ந்ததும் டிராக்டர் ஏறுகின்றன.

போய்ச் சேரும் இடங்களில் ஒன்றை ஊருக்குத் தெற்கே சுவர்ணமுகிக் கரையில் பார்த்தேன். ஆறு வீட்டுக்கு மணல் கொடுத்தது. வீடு ஆற்றுக்கு இடிபாட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. 2021 நவம்பர் மழையில் இந்த ஆறு கரைபுரண்டு, திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. நீர்வழிகள் அடைபட்ட கதையை அப்போது எல்லோரும் பேசினார்கள். இப்போது அதே கரையில் புதுக் குவியல்கள்.

அளப்பது கடினமல்ல. தொழில்நுட்பத் தகவல் அமைப்பான டைஃபாக் முன்பே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது: புதிதாகக் கட்டினால் சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு; பக்காக் கட்டடத்தை இடித்தால் சுமார் 500 கிலோ. ஆயிரம் சதுர அடி வீடு இடிந்தால் ஏறத்தாழ 46 டன். டிராக்டருக்கு மூன்று டன் என்று வைத்தால் பதினைந்து நடைக்கு மேல்.

2016-இல் வந்த மத்திய விதிகள், நாளுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னைத் தாண்டுவோர் கழிவைத் தரம் பிரித்து, முன்கூட்டியே திட்டமும் தரவேண்டும் என்றன. 300 டன் என்பது சுமார் 6,500 சதுர அடி. நடுத்தர லாட்ஜ் ஒன்றை ஒரே மாதத்தில் இடித்தாலே இந்த வரம்பு வந்துவிடும். 2026 ஏப்ரல் 1-ஐ அமலாக்க நாளாகக் கொண்ட 2025 விதிகளோ, மறுசுழற்சி இலக்கை 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத திட்டங்களின் மேல் வைக்கின்றன. நம் லாட்ஜ் அந்தக் கண்ணியில் விழாத சின்ன மீன்.

ரேணிகுண்டா பக்கம் தூகிவாக்கத்தில் (வேங்கடத்தைத் தமிழின் வட எல்லை என்று படித்தவனுக்கு அந்த 'வாக்கம்' இனிக்கிறது) மாநகராட்சியின் கட்டடக் கழிவு ஆலை இருக்கிறது. இத்தகைய ஆலையில் உடைசலை அரைத்துச் சலித்தால் ஜல்லியும் மணலும் கிடைக்கும். 2016-இல் திருத்திய ஐ.எஸ். 383 தரவிதி, எம்25 வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை மறுசுழற்சி ஜல்லி சேர்க்க இடம் தருகிறது. ஆனால் பிளாஸ்டிக்கும் மரத்தூளும் மண்ணும் கலந்து வந்தால் அந்த ஜல்லி தேறாது. பிரிக்கவேண்டிய இடம் ஆலை அல்ல, சம்மட்டி விழும் இடம்.

திருமலையில் 2003-இல், கோயிலுக்கு எதிரே இருந்த பதினைந்தாம் நூற்றாண்டு ஆயிரங்கால் மண்டபம் அகற்றப்பட்டது. அது தகுமா என்ற சண்டை இன்னொரு கட்டுரைக்கு ஆகும். ஆனால் அதே கற்களால் மண்டபத்தை மறுபடி எழுப்பச் சொல்லிக் கேட்க முடிந்தது. சுண்ணாம்பும் கல்லும் அடுக்கிய கட்டடம் பிரியும். நம் கான்கிரீட் உடையத்தான் செய்யும்.

திரும்பும்போது அதே சந்து. இதுவரை எத்தனை டன் போயிருக்கும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். சித்தூர்ப் பக்கத்துத் தமிழில், டன் கணக்குத் தெரியாது சார், டிராக்டர்க்காரனுக்கு நடைக் கூலி கொடுத்தது தெரியும் என்றார். சிகரெட் அட்டையின் பின்புறம் பென்சில் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.