நடத்தை விதிகளும் நாம் இடும் கையெழுத்தும்



பெரிய நிறுவனங்களில் பணிபுரியும் நம்மில் பலருக்கு ஆண்டுதோறும் ஒரு சடங்கு உண்டு. நிறுவனத்தின் நடத்தை விதிகள் கணினித் திரையில் வரும். அன்பளிப்புப் பெறக் கூடாது, உறவினருக்கு ஒப்பந்தம் வழங்கக் கூடாது, கணக்கை மறைக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக நீளும். இறுதியில் 'படித்தேன், ஏற்கிறேன்' என்னும் கட்டத்தில் குறியிட்டுவிட்டு அன்றைய வேலைக்குத் திரும்புகிறோம். உண்மையில் படித்தவர் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே நன்கறிவான். இவ்விதிகள் மனிதரின் நடத்தையை மாற்றுகின்றனவா?

ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடுவோர் வழக்கமாக என்ரானைச் சான்று காட்டுவர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்த அந்த எரிசக்தி நிறுவனம், 2000 ஜூலையில் தன் ஊழியர்களுக்கு 64 பக்க நெறிமுறைக் கையேடு வழங்கியது. அதற்கு முன்னுரை எழுதியவர் தலைவர் கென்னத் லே. 2001 டிசம்பர் 2 அன்று நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. நேர்மை என்று அச்சிட்டவர்களே பொய்க் கணக்கு எழுதினர் என்று சொல்லி இக்கதையை முடித்துவிடுவது எளிது.

ஆயினும் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் அதற்கு முந்தையது. நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, என்ரானுடனேயே வணிகம் செய்யும் கூட்டு நிறுவனங்களைத் தாமே நடத்த விரும்பினார். நெறிமுறை குறுக்கே நின்றது. ஆகவே 1999இல் இயக்குநர் குழு கூடி, அவருக்காக அவ்விதியைத் தளர்த்த ஒப்புதல் அளித்தது. அந்தக் கூட்டு நிறுவனங்கள் வழியாக அவர் குறைந்தது 3 கோடி டாலர் ஈட்டியதைப் பின்னர் நடந்த விசாரணை வெளிக்கொணர்ந்தது. மேலிடத்தில் பூட்டைத் திறந்துவிட்டு, மறு ஆண்டில் கீழுள்ளோர் கையில் 64 பக்கங்களைத் திணித்திருக்கிறார்கள்!

இதிலிருந்து நாம் பெறும் முடிவு, விதி வலுவற்றது என்பதன்று. வலுவற்றதாயின் அதைத் தளர்த்துவதற்கு ஒரு கூட்டம் எதற்கு? அது சுவராகத்தான் நின்றது. சாவியை வைத்திருந்தோர் கதவைத் திறந்துவிட்டனர். 2002இல் அமெரிக்கா இயற்றிய சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் இந்த இடத்தைச் சரியாகவே பிடித்தது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம், தன் நிதி உயரதிகாரிகளுக்கு நெறிமுறை உண்டா என்பதை அறிவிக்க வேண்டும். அதிலிருந்து எவருக்கேனும் விலக்கு அளித்தால் அதையும் உடனே பகிரங்கப்படுத்த வேண்டும் என்றது.

(கையெழுத்தைப் பற்றியும் ஒரு செய்தி. படிவத்தின் அடியில் இடுவதற்குப் பதிலாக உச்சியில் கையெழுத்திட்டால் மனிதர் பொய் சொல்வது குறையும் என்று 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. அதன் தரவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டதெனத் தெரிந்து 2021இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இந்த நிலை.)

நம் மார்க்கம் இவ்விஷயத்தை எவ்வாறு கையாண்டது? புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவான நிகழ்ச்சி ஒன்றை நாம் அறிவோம். இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டு, மற்றொரு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். தாய் தந்தையின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் வினவினார்கள். பின்னர் மிம்பரில் நின்று, அவருடைய பெயரைக் கூறாமல், அந்தச் செயலை மக்கள் அனைவரின் முன்னிலையிலும் கண்டித்தார்கள். கணக்கு கேட்கப்பட்டது, கேட்டவர் தலைவர், அதுவும் பகிரங்கமாக. இன்று 'அன்பளிப்புக் கொள்கை' என்னும் தலைப்பில் பத்துப் பக்கங்களில் எழுதப்படுவது அந்த ஒற்றைக் கேள்வியில் அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

வளைகுடா நாடொன்றில், ஒரு கட்டுமான நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றினோம். அங்கே இரண்டு மேலாளர்களின் கீழ் ஒரே விதிப் புத்தகம் இருந்தது. முதலாமவர் காலத்தில், ரமளானில் வழங்குநர்கள் அனுப்பும் பேரீச்சம்பழப் பெட்டிகள் பொது மேசைக்கு வரும். ஒரு குறிப்பேட்டில் பதியப்படும். ஓட்டுநர்களுக்கும் தேநீர் கொடுக்கும் பையன்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். கைக்கடிகாரம் போன்றவை அன்றே திரும்பிச் சென்றுவிடும். அவர் ஓய்வு பெற்றார். அடுத்தவருக்கு வந்த பெட்டிகள் நேரே அவருடைய காருக்குச் சென்றன. குறிப்பேடு எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. ஓராண்டுக்குள் இளநிலை ஊழியரின் மேசை இழுப்பறைகளிலும் உறைகள் தென்படலாயின.

அந்த நாள்களிலும் ஒருவர் மட்டும் விதியைப் பயன்படுத்தினார். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன இளைஞர் அவர். வழங்குநர் ஒருவர் கைப்பேசி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். வயதில் மூத்தவர், பலமுறை உதவியவர். முகத்தை முறிக்க இயலாது. இளைஞர் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, "அண்ணே, நீங்க கொடுக்கிறதுல குறை ஒண்ணுமில்ல. கம்பெனி விதி இடம் தரல, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். வந்தவரும் சிரித்துக்கொண்டே எடுத்துச் சென்றார். இறையச்சம் அவ்விளைஞரிடம் முன்பே இருந்தது. அதை மரியாதை குன்றாமல் வெளியில் சொல்வதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதை அந்தப் புத்தகம் தந்தது. நடத்தை விதியின் உண்மையான பயன் பெரும்பாலும் இத்தகையோருக்கே என்பது நம் கருத்து. திருட முடிவு செய்தவரை அது தடுப்பதில்லை. மறுக்க விரும்பியும் தயங்கி நிற்பவருக்கு அது ஊன்றுகோல்.

நிறுவனங்களைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் மஹல்லாவைப் பற்றிப் பேசாதிருப்பது முறையன்று. பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃபு கடைகளை நிர்வாகிகளின் உறவினருக்கு வாடகைக்கு விடக் கூடாது என்று நம் ஜமாஅத்தின் விதிகளிலும் எழுதப்பட்டுள்ளது. எனினும் 'இம்முறை மட்டும்' என்று நிர்வாகக் குழு தனக்குள் முடிவு செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. சந்தை வாடகையில் பாதிகூடத் தராத கடைகள் இருக்கின்றன என்பதைக் கடைத்தெருவில் நடப்பவர் அனைவரும் அறிவர். அதே பள்ளியின் மதரஸாவில் உஸ்தாதுக்கு மாதச் சம்பளம் கொடுக்க, ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்து வசூலிக்கிறோம்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் நாம் சிலர் இணைந்து ஒரு தீர்மானம் கொண்டுவரவிருக்கிறோம். புதிய விதி எதுவும் வேண்டாம். இருக்கும் விதியிலிருந்து எவருக்கு, எக்காரணத்தால் விலக்கு அளிக்கப்பட்டாலும், அது அடுத்த ஜும்ஆவில் வாசிக்கப்பட வேண்டும். கடை எண்ணும் வாடகைத் தொகையும் சேர்த்தே வாசிக்கப்பட வேண்டும். இன்ஷா அல்லாஹ், ஆதரிப்போர் தம் பெயரைப் பொதுக்குழுவுக்கு முன் நம்மிடம் தரலாம்.