நிரம்பாத குழி

போன கிழமை மருமகன் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் பழைய ஆர்.வி. வண்டி ஒன்று வாங்கி வந்தார். உள்ளே நிற்க முடியாத நாற்றம். கழிவுத் தாங்கியின் வால்வைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. எல்லாம் அடியில் காய்ந்து சீமெந்தாய் இறுகிக் கிடந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் வால்வைத் திறந்தபடியே விட்டுப் பாவித்திருக்கிறார்கள். தண்ணீர் உடனுக்குடன் ஓடிவிடும். மலம் மட்டும் தங்கி மலகூடக் கோப்பைக்கு நேர் கீழே குவியும். வால்வை மூடிவைத்து, தாங்கி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு திறந்தால்தான் தண்ணீர் அதையும் அள்ளிக்கொண்டு போகும்.

வால்வை மூடி, தண்ணீரும் நொதிய மருந்தும் விட்டு ஊறவைத்தோம். வண்டியை ஓட்டிக் குலுக்கி, அதற்கென்று உள்ள நிலையத்தில் கொட்டி, குழாயை உள்ளே விட்டுப் பீச்சிக் கழுவினோம். இதையே திரும்பத் திரும்பச் செய்யத்தான் கரைந்தது. நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தக் கழிவைக் கண்ட இடத்தில் ஊற்ற முடியாது. வீட்டுக் கழிவுநீரை ஊறவிடும் குழாய்க்கும் வெட்டுக்கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 30 மீற்றர் வேண்டும் என்பதும் இங்கே சட்டம்.

இந்தக் கண்டிப்பு சரியானது. 2000 மே மாதம் இதே மாகாணத்து வோக்கர்ரன் என்ற சிற்றூரில், மாட்டெரு மழைநீரோடு இறங்கி ஊருக்கு நீர் கொடுத்த கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள். 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். ஆழமில்லாத கிணறு, அடியில் வெடித்த பாறை.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான தெல்லிப்பழையில், காலடியிலும் வெடித்த சுண்ணாம்புக்கல்தான். கீரிமலைக் கேணியில் கடலோரமாக நீர் ஊறுவது அந்த வெடிப்புகளால். எங்கள் செம்மண் கிணற்றுத் தண்ணீரின் ருசி கனடா ஏரி எதிலும் இல்லை. ஆனால் அதே வெடிப்பு வழியேதான் மலகூடக் குழித் தண்ணீரும் கிணற்றுக்குப் போகிறது.

“எங்கட குழி இருபது வருசமாய் நிரம்பேல்லை” என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாத குழியின் தண்ணீர் எங்கே போனது? தோட்ட உரத்தோடு அதுவும் சேர்ந்துதான் எங்கள் கிணறுகளில் நைதரேற்றை ஏற்றியிருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைதரேற்று போகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

1990இல் போரால் விட்டுவந்து இராணுவத்தின் பிடியில் இருந்த காணிகள் விடுபட்டு, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் வடக்கில் புது வீடுகள் எழும்புகின்றன. அதற்குக் காசு அனுப்பும் பிள்ளைகளே, மாபிள் தரைக்கு முன்னால் அடியும் சுவரும் சீமெந்து பூசிய கழிவுத் தாங்கிக்கு அனுப்புங்கள். வழியும் நீரைக் கிணற்றுக்கு மிகத் தள்ளி, செம்மண் ஆழமான பக்கத்தில் ஊறவிடச் சொல்லுங்கள். அடுத்த வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். தாங்கி நிரம்பினால் பவுசர் வந்து எடுக்கட்டும்.