ஆறு எங்கே ஒளிந்திருக்கிறது?



இந்த மாதச் சுவரிதழுக்கு நான் இலக்கணம் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் என் பெஞ்சில் இருந்த எல்லாரும் "ஐயோ, அதுவா!" என்றார்கள். பயப்படாதீங்க. நாம தினமும் பஸ் போர்டில் பார்க்கிற நம்ம ஊர்ப் பெயர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நம் வால்பாறையைச் சுற்றியுள்ள பெயர்களைப் பாருங்கள். ரொட்டிக்கடை, கருமலை, புதுத்தோட்டம், ஊசிமலை, சோலையாறு, நீராறு, சின்னக்கல்லாறு. எல்லாமே இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே சொல்லாக ஆனவை. ரொட்டி விற்கும் கடை ரொட்டிக்கடை. நடுவில் 'விற்கும்' மறைந்துவிட்டது, ஒரு 'க்' புதிதாக வந்துவிட்டது. கருமை + மலை கருமலை ஆனபோது 'மை' காணாமல் போனது. புதுமை + தோட்டம் புதுத்தோட்டம் ஆனபோது 'மை' போய் 'த்' வந்தது. ஊசி போன்ற மலை என்று பிரித்தால் ஊசிமலை உவமைத்தொகை. பரீட்சைக்கு எடுத்துக்காட்டு தேடி எங்கேயும் போக வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் போதும்!

இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கடைசியில் இருக்கும் சொல்தான் அது என்ன பொருள் என்று சொல்கிறது. கல்லாறு என்பது ஒரு ஆறு. அதையே திருப்பிப் போட்டு ஆற்றுக்கல் என்று சொன்னால் அது ஒரு கல். முன்னால் இருக்கும் சொல், எந்த ஆறு, எந்தக் கல் என்று காட்டுகிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்க அம்மாயி பல வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடம் போனதே இல்லை. போன வருஷம் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அம்மா வேலைக்குப் போயிடுவாங்க, நானும் பள்ளிக்கு வந்துடுவேன். வீட்டில் அம்மாயியும் தம்பியும் மட்டும்தான். யானை எங்கே நிற்கிறது என்று போனில் மெசேஜ் வரும். நம்ம ஊரில் இது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மெசேஜ் வந்தால் அம்மாயி போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஆள் இல்லை என்றால் யானை மேலே நிற்குதா கீழே நிற்குதா என்றே தெரியாது.

அதனால் நான் ஊர்ப் பெயர்களை எழுதிப் போட்டுப் படிக்கச் சொன்னேன். 'மேல்', 'நீர்', 'ஆறு' என்று தனித்தனியாக எழுதினால் டக்கென்று படித்துவிடுவார். 'மேல்நீராறு' என்று சேர்த்து எழுதினால் நின்றுவிடுவார். "ஏங்கண்ணு, ஆறுன்னு சொல்ற. இதுல 'ஆ'வே காணமே?" என்று கேட்டார்.

உண்மைதானே! நாலு பெயரையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். சோலையாறு, ஆழியாறு, கல்லாறு, நீராறு. நாலிலும் ஆறு ஓடுகிறது, ஆனால் அந்த ஆறு தொடங்கும் இடத்தில் ஒன்றில்கூட 'ஆ' என்ற எழுத்து இல்லை. 'யா', 'யா', 'லா', 'ரா'தான் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால்:

சோலை + ஆறு. 'ஐ'யில் முடிந்து 'ஆ'வில் தொடங்குகிறது. இரண்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வாய் தடுக்கும். அதனால் நடுவில் 'ய்' வந்து கை கோத்துவிடுகிறது. இதுதான் உடம்படுமெய். ஆழியாறும் இப்படித்தான்.

கல் + ஆறு. 'க' ஒரே ஒரு குறில், அதன் பிறகு 'ல்'. இப்படித் தனிக்குறிலுக்குப் பின்னால் மெய் இருந்து அடுத்து உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். ஒரு 'ல்' கல்லோடு நின்றுகொள்ள, இன்னொரு 'ல்' ஆற்றோடு போகிறது.

நீர் + ஆறு. 'நீ' நெடில். அதனால் 'ர்' இரட்டிக்காது. இருக்கிற ஒரே 'ர்', நீரை விட்டுவிட்டு ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த விதிகளை எல்லாம் நன்னூலில் எழுதி வைத்தவர் பவணந்தி முனிவர். அவர் நம் கொங்கு நாட்டுக்காரர், பெருந்துறை பக்கம் சீனாபுரம் அவர் ஊர் என்று சொல்வார்கள்.

அம்மாயிக்கு உடம்படுமெய், தனிக்குறில் என்றெல்லாம் சொன்னால் புரியுமா? அதனால் கை தட்டிச் சொல்லச் சொன்னேன். அவர் உடனே நீ - ரா - று என்று மூன்று தட்டு தட்டினார். கல் - லா - று, அதுவும் மூன்று. ரொட் - டிக் - கடை, சரியாகத் தட்டினார். கரு - மலை, இரண்டே தட்டு. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செய்யுள் இலக்கணத்தில் நாம் நேர், நிரை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அதே அசைதான்! கருமலை நிரை நிரை, அதாவது கருவிளம். ரொட்டிக்கடை தேமாங்கனி. நம் வால்பாறை வால் - பா - றை, தேமாங்காய். கும்மியும் தாலாட்டும் பாடிய அம்மாயிக்கு அது வாயிலேயே இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு கூட்டுச் சொல்லை இரண்டு இடத்தில் வெட்டலாம். பொருளுக்காக வெட்டினால் நீர் | ஆறு. வாய்க்காக வெட்டினால் நீ | ராறு. இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழவில்லை. எழுத்தில் நாம் வாய் சொல்கிறபடிதான் எழுதுகிறோம். அதனால்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு உள்ளே இருக்கும் சொல் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'ரா'வைப் பிரித்து ர் + ஆ என்று எழுதிக் காட்டினேன். "அட, 'ர்' முதுகுல 'ஆ' ஏறி உக்காந்திருக்குதா!" என்று சிரித்தார். அதன் பிறகு நாலு ஆற்றையும் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் ஆங்கில மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். நார்வே நாட்டு மொழியிலும் இப்படிச் சேர்த்து எழுதுவார்கள் என்று சொன்னாங்க. அங்கே 'தே' என்றால் தேநீர், 'கொப்' என்றால் கோப்பை. இரண்டும் சேர்ந்தால் 'தேகொப்', ஒரே சொல். வரி முடிவில் பிரிக்க வேண்டுமென்றால் சொற்கள் ஒட்டிய இடத்திலேயே பிரிப்பார்களாம். அங்கே சேர்க்க வேண்டியதைப் பிரித்து எழுதினால் வம்புதான். 'ரொய்க்ஃப்ரித்' என்று சேர்த்து எழுதினால் புகை இல்லாத இடம். 'ரொய்க் ஃப்ரித்' என்று இடம் விட்டு எழுதினால் தாராளமாகப் புகை பிடி என்று அர்த்தம் ஆகிவிடும்!

நமக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இந்தத் தாளில் எழுதும்போது ரொட்டிக்கடை வரி ஓரத்தில் மாட்டிக்கொண்டால் 'ரொட்டி' என்று எழுதி, அடுத்த வரியை 'க்கடை' என்று தொடங்கக் கூடாது. 'ரொட்டிக்' என்று முடித்து 'கடை' என்று தொடங்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருக்கும் எழுத்தோடுதான் நிற்கும். அம்மாயி கை தட்டினதும் அப்படித்தானே?

போன ஜூன் மாதம் நல்ல மழை. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது எங்கள் லைனில் யாரும் வெளியே இல்லை. மெசேஜ் வந்ததும் அம்மாயியே படித்து, கீழ்நீராறு பக்கம் போக இருந்த நாலு வீட்டுக்காரர்களிடம் "கீழன்னுதான் போட்டிருக்குது, போகாதீங்க" என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "யார் படிச்சுச் சொன்னது?" என்று கேட்டாராம். "நான்தான்" என்றாராம் அம்மாயி.

உங்கள் வீட்டிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், முதலில் கை தட்டச் சொல்லுங்கள். பிறகு உள்ளே ஒளிந்திருக்கும் சொல்லைக் காட்டுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. கீழே உள்ளவற்றைப் பொருளுக்காகவும் பிரியுங்கள், அசைக்காகவும் பிரியுங்கள். எதில் இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

1. தேநீர்
2. கல்லணை
3. பச்சைமலை
4. மணிமுத்தாறு

விடை அடுத்த மாதச் சுவரிதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி