ஒரு மணி நேர இமயம்

காலால் நடந்து சென்றடையாத ஒரு மலையைக் கண்டதாகக் கூறிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டா? பல்கலைக்கழக விடுமுறையொன்றின்போது, காத்மண்டு நகரின் சிறியதொரு விடுதி அறையில், இவ்வினா எங்கள் மூவரிடையே எழுந்தது. அன்று நான் கூறிய விடையை இன்று நானே ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது எவ்வாறு மாறியது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவர் என்றது அம்மா, மாமா, நான் ஆகியோரை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. 1996 இல் நாட்டை விட்டுச் சென்று ரொறன்ரோவில் வாழ்பவர். இருவரும் வடமராட்சியில் ஒரே பாடசாலையிற் கற்றவர்கள். அம்மாவுக்குப் புவியியலில் மிகுந்த ஈடுபாடு. தம்பியின் அப்பியாசக் கொப்பியில் இமயமலைத் தொடரை வரைந்து, சிகரங்களின் பெயர்களைக் குறித்து, மண்ணிறம் தீட்டிக் கொடுத்தவர் அவரே என்றும், அப்படத்துக்குத் தமக்கு முழுப்புள்ளி கிடைத்தது என்றும் மாமா இன்றுவரை கூறுவார். ஆனால், உயர்தரத்திலும் புவியியலைக் கற்ற அம்மா பல்கலைக்கழகத்துக்குச் செல்லவில்லை. அவருடைய பரீட்சைக் காலமும் இடப்பெயர்வுக் காலமும் ஒன்றாக அமைந்தன. அதனைக் குறித்து அவர் அதிகம் பேசுவதில்லை.

“நீங்கள் கீறின மலையை ஒருநாள் காட்டுறன், அக்கா” என்று தொலைபேசியில் மாமா அடிக்கடி சொல்லுவார். பல ஆண்டுகள் வெறும் வேடிக்கைப் பேச்சாக இருந்த அவ்வாக்கு, மாமா விடுமுறையில் ஊருக்கு வந்த அந்த ஐப்பசியில் மெய்யாயிற்று. மழைக்காலம் கழிந்து வானம் தெளியும் அப்பருவமே இமயத்தைக் காண்பதற்கு உகந்தது என்று சொன்னவரும் அம்மாவே.

காத்மண்டு சென்ற பின்னரே, மலையை எவ்வாறு காண்பது என்ற கேள்வி எழுந்தது. மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நகரிலிருந்து கிழக்கே வண்டியில் நகர்கொட் என்னும் மேட்டூருக்குச் சென்று, விடியற்காலையில் தொலைவிலுள்ள தொடரை நோக்குவது. வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ற் அங்கிருந்து ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். இரண்டாவது, மலைப்பாதையிற் சில நாட்கள் நடப்பது. முழங்கால் நோவினால் வருந்தும் அம்மாவை விடுதியில் விட்டுவிட்டு, நானும் மாமாவும் மாத்திரமே அதனைச் செய்ய இயலும். மூன்றாவது, காலையில் காத்மண்டு விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, மலைத்தொடருக்குச் சமாந்தரமாகக் கிழக்கு நோக்கிப் பறந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மீண்டும் அங்கேயே வந்திறங்கும் சுற்றுலா விமானம். போகும்போது இடப்பக்கத்தில் இருப்போரும், திரும்பும்போது வலப்பக்கத்தில் இருப்போரும் சிகரங்களைக் காணலாம். பயணி ஒவ்வொருவருக்கும் யன்னலோர ஆசனமே வழங்கப்படும்.

மாமா விமானத்தையே விரும்பினார். நான் எதிர்த்தேன். கலைப்பீட மாணவர்களுக்கு இயல்பான முறையில் என் எதிர்ப்பை நிரற்படுத்தி எடுத்துரைத்தேன்.

மலை என்பது உழைத்து அடைய வேண்டியது என்றேன். 1953 மே 29 ஆம் திகதி டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலரியும் உயிரைப் பணயம் வைத்து அடைந்த சிகரத்தை, இருக்கையிற் சாய்ந்தவாறு கடந்து செல்வது அதனை அவமதிப்பதாகும் என்றேன். 5,364 மீற்றர் உயரத்திலுள்ள அடிவார முகாமைக் காண விரும்புவோர்கூட, லுக்லாவிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலாக நடந்து, மூச்சுத்திணறலையும் தலைவலியையும் தாங்கியே அவ்விடத்தை அடைகின்றனர் என்பதையும் எடுத்துக்காட்டினேன்.

அடுத்துப் பணத்தைக் கூறினேன். வெளிநாட்டவர் ஒருவருக்கான கட்டணம் இருநூறு அமெரிக்க டொலர் அளவில் இருந்தது. மூவருக்குமாகக் கணக்கிட்டால் எனது மகாபொல உதவித்தொகையின் எத்தனையோ மாதத் தொகை அதில் அடங்கும். மாமா பனியிலும் இரவு வேலையிலும் ஈட்டிய பணம் ஒரு மணி நேரத்திற் கரைவதை என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவதாக ஆபத்தைக் கூறினேன். 1979 நவம்பர் 28 ஆம் திகதி அந்தாட்டிக்காவைப் பார்வையிடச் சென்ற நியூசிலாந்து விமானமொன்று எரபஸ் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். வெண்பனியும் வெண்முகிலும் ஒன்றாகத் தோன்றியதால் எதிரே நின்ற மலையை விமானிகளாற் காண இயலவில்லை. 2011 செப்ரெம்பர் 25 ஆம் திகதி, நாங்கள் செல்லவிருந்த இதே வகைப் பயணத்தை முடித்துக்கொண்டு காத்மண்டு திரும்பிய சிறு விமானமொன்று நகருக்கு அண்மையில் விழுந்து 19 பேர் இறந்தனர். இவற்றையெல்லாம் அறிந்தும் வேடிக்கைக்காகப் பறப்பது அறிவுடைமையாகுமா என்று கேட்டேன்.

நான் கூறாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது. உண்மையில் அதுவே தலையானது. அம்மா விமானத்தைத் தமது வாழ்நாளின் பெரும்பகுதியில் கீழிருந்து அறிந்தவர். பனங்குற்றிகளை அடுக்கி மண்மூடைகளால் மூடிய பங்கருக்குள் ஓடி, எந்த ஒலி ஹெலி, எந்த ஒலி பொம்மர், எந்த ஒலி சகடை எனக் காதாற் பிரித்தறிந்து வளர்ந்த தலைமுறை அவருடையது. இன்றும் வீட்டுக்கு மேலாக விமானமொன்று தாழப் பறந்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அவ்வொலி தேய்ந்து மறையும்வரை அசையாது நிற்பார். நேபாளம் வரும்போது நடைபாதையோர ஆசனத்தைக் கேட்டு வாங்கி, கண்களை மூடியபடியே வந்தார். சுற்றுலா விமானமோ விசிறிகள் சுழலும் இயந்திரங்களைக் கொண்டது. ஒலியாற் சகடையை ஒத்தது. அதில் யன்னலோரத்தைத் தவிர வேறு ஆசனமும் இல்லை. எனவே அம்மாவால் இயலாது என்று அவருக்காக நானே தீர்மானித்திருந்தேன். அத்தீர்மானத்துக்குத் துணையாகவே டென்சிங்கையும் டொலரையும் அழைத்திருந்தேன்.

அதுவரை கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, உடுப்புகளை மடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தலைநிமிர்ந்தார்.

“அந்த மலையின்ர உயரத்தைக் கணிச்ச ஆள், அதில ஏறியே கணிச்சவர்?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இருக்கவில்லை. அம்மா குறிப்பிட்டது ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞரை. இந்திய நில அளவைத் திணைக்களத்திற் பணியாற்றிய அவர், அக்காலத்திற் பதினைந்தாம் சிகரம் என எண்ணால் மாத்திரம் அறியப்பட்ட மலையே உலகில் உயர்ந்தது என்பதை 1852 இற் கணித்தறிந்தார். நேபாளத்தினுள் நுழைய நில அளவையாளருக்கு அனுமதி இருக்கவில்லை. அதனால் நூறு மைலுக்கும் அப்பாலுள்ள இந்தியச் சமவெளியில் நின்று அவர்கள் எடுத்த கோண அளவைகளைக் கொண்டே அக்கணிப்புச் செய்யப்பட்டது. 1856 இல் வெளியிடப்பட்ட அளவு 29,002 அடி. 2020 டிசெம்பரில் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த அளவு 8,848.86 மீற்றர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முப்பது அடி அளவினதே. மலையின் காலடியைக்கூடத் தொடாதவர்கள் அதனை அவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கின்றனர். இன்னொன்றையும் அம்மா நினைவூட்டினார். மனிதர் அச்சிகரத்தை அடைவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1933 ஏப்பிரல் 3 ஆம் திகதி, பீகாரிலிருந்து புறப்பட்ட இரு சிறு விமானங்கள் அதற்கு மேலாகப் பறந்துவிட்டன.

பின்னர் அம்மா சொன்னது இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. “எனக்குப் பயம் எண்டு நீ யோசிக்கிறாய். பயம்தான். ஆனா போகேலாதெண்டு நான் சொல்லேல்லையே. என்னை ஒருத்தரும் கேக்கவும் இல்லை.”

மாமா அன்று மாலையே பயணச்சீட்டுகளைப் பெற்றுவந்தார்.

மறுநாள் விடியுமுன்னரே விமான நிலையத்துக்குச் சென்றோம். பள்ளத்தாக்கை மூடியிருந்த பனிமூட்டம் விலக இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. விமானத்தினுள் அம்மா எனக்கு முன்னாலுள்ள ஆசனத்தில் அமர்ந்தார். விசிறிகள் சுழலத் தொடங்கி அவ்வொலி எழுந்ததும், ஆசனத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தினூடாக அவருடைய கை பின்னோக்கி நீண்டது. நான் பற்றிக்கொண்டேன். அது குளிர்ந்து ஈரமாக இருந்தது. விமானம் எழுந்து முகிலைக் கடக்கும்வரை அவர் வெளியே பார்க்கவில்லை.

முகில் விலகியதும் இடப்பக்கம் முழுவதும் மலையாயிற்று. லாங்டாங் சிகரங்கள் பின்செல்ல, இரட்டைத் தலையோடு கௌரிசங்கர் தோன்றிற்று. விமானப் பணிப்பெண் படத்தைக் காட்டி விளக்க வருமுன்னரே, “அது கௌரிசங்கர். முந்தி இதைத்தான் எவரெஸ்ற் எண்டு பிழையாய் நினைச்சவை” என்றார் அம்மா. சற்று நேரத்தில் என் கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கண்ணாடியிற் பதித்துக்கொண்டார். சோ ஓயு, நுப்சே, லோட்சே என அவர் ஒவ்வொன்றாகப் பெயர் கூறியது இயந்திர ஒலியினூடே எனக்கு அரைகுறையாகக் கேட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அவரிடம் கேளாத பாடம் அது.

எவரெஸ்ற் எனக்கு முதலில் ஏமாற்றத்தையே அளித்தது. நுப்சே, லோட்சே ஆகியவற்றின் வெண்மதிலுக்குப் பின்னால், காற்றுப் பனியை அடித்துச் சென்றதனாற் கருமையாகத் தெரிந்த ஒரு கூம்பாக அது நின்றது. அண்மையிலுள்ள சிகரங்கள் அதனிலும் உயர்ந்தனபோலத் தோன்றின. எது உயர்ந்தது என்பதைக் கண் கூறவில்லை, கணக்கே கூறுகின்றது. சிக்தாரின் பெருமை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

திரும்பும் வழியில் விமானம் பள்ளத்தாக்கினுள் இறங்கலாயிற்று. படிப்படியான வயல்கள், செங்கல் வீடுகள், தட்டையான கூரைகளில் உடுப்புக் காயப்போடும் பெண்கள் யாவும் தெளிவாகத் தெரியத் தொடங்கின. மலைகளைக் கண்டபோது ஓயாது பேசிய அம்மா இப்போது மௌனமாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரங்கள் தரையைத் தொட்ட பின் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஒருத்தரும் ஓடேல்லை, பாத்தனியே? அண்ணாந்துகூடப் பாக்கேல்லை.”

நான் மலையைப் பற்றியே பேசுவார் என எதிர்பார்த்திருந்தேன். இமயத்தைக் காண்பதற்குக் கொடுத்த பணத்தில் அவர் கண்டுவந்தவற்றுள் இதுவும் ஒன்று.

விமானத்தைப் பற்றி நான் கூறிய தடைகள் யாவும் பொய்யாகிவிட்டன என்று இங்கே கூற வரவில்லை. அது செலவு மிக்கது; ஆபத்து அற்றதன்று. அம்மலைச்சாரலில் வாழும் சேர்ப்பா மக்களின் ஒரு முகத்தையேனும் நாங்கள் காணவில்லை. நடந்து செல்பவர் அறியும் குளிரையும் பசியையும் விருந்தோம்பலையும் ஒரு மணி நேரத்தில் எவரும் அறிந்துவிட இயலாது. இறங்கியதும் எங்களுக்கு வழங்கப்பட்ட சான்றிதழை மலையேறியவரின் பெருமைக்கு ஒப்பிடுவதும் தகாது. ஆயினும், நடக்க வல்லவர்கள் நடக்க இயலாதவர்களுக்கு விதிக்கும் நிபந்தனையாக உழைப்பின் சிறப்பை ஆக்குவது நீதியன்று. முதியோருக்கும், நோயுற்றோருக்கும், உரிய வயதில் வாய்ப்பை இழந்தோருக்கும் அந்த யன்னலைத் தவிர வேறு வழி இல்லாமல் இருக்கலாம். அதனூடாகப் பார்ப்பதா, விடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். அன்பின் பெயரால் அத்தீர்மானத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் தவறை, படித்த பிள்ளைகளாகிய நாம் பெற்றோர் விடயத்தில் எளிதாகச் செய்துவிடுகின்றோம். விடுதி அறையில் நான் செய்ததும் அதுவே.

அடுத்த நாள், என் விருப்பத்தையும் நிறைவேற்ற வேண்டுமென்று மாமா எங்களை நகர்கொட்டுக்கு அழைத்துச் சென்றார். முகிலைத் தவிர அங்கே எதுவும் தெரியவில்லை. காத்திருந்த பலர் சலிப்புடன் திரும்பிச் சென்றனர். அம்மா மாத்திரம் தேநீர்க் குவளையை ஒரு கையிற் பிடித்தபடி, மற்றக் கையால் வெறும் வெண்மையைச் சுட்டிக்காட்டி, எந்தச் சிகரம் எவ்விடத்தில் நிற்கும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.